வேகம் வேறு, கதி வேறு

இரண்டாம் தவணைப் பரீட்சை விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே கொத்துரொட்டிக் கடையின் தகரச் சத்தம் அடங்க இரவு பத்தரை ஆகும். தரம் 10 விஞ்ஞானம். ஓர் ஓட்ட வீரன் 400 மீற்றர் வட்டத் தடத்தில் ஒரு முழுச் சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே 80 செக்கனில் வந்து சேர்கிறான். அவனுடைய சராசரிக் கதி என்ன? சராசரி வேகம் என்ன?

கதி செக்கனுக்கு 5 மீற்றர். வேகம் பூச்சியம். ஓடியது 400 மீற்றராக இருந்தாலும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றதால் இடப்பெயர்ச்சி இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள். "அப்ப அவன் ஓடினது வீணா மிஸ்?" என்று ஒருவனாவது கேட்பான். மறக்க முடியாத கணக்கு என்று நினைத்துத்தான் கேள்வியில் போட்டேன்.

38 பேரில் 21 பேர் வேகம் 5 என்று எழுதியிருந்தார்கள். கதிக்கு நேரே சிலர் பூச்சியம் போட்டிருந்தார்கள், சிலர் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒரு வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் ஒரே பிழையை விட்டால் அது பிள்ளைகளின் பிழை அல்ல என்று எனக்கு முதன்முதலில் விஞ்ஞானம் படிப்பித்த சேர் சொல்லுவார். எங்கே பிசகினேன் என்று யோசித்தபடி திருத்திக்கொண்டு போனபோது நாலு தாள்களில் 'திசைவேகம்' என்ற சொல் கண்ணில் பட்டது. எங்கள் பாடநூலில் எந்தப் பக்கத்திலும் அந்தச் சொல் கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அனுப்பியவளே நான்தானே.

தவணை தொடங்கிய கிழமை யூடியூபில் ஒரு காணொளி கிடைத்தது. தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் செய்தது. தெளிவான குரல், அழகான அசைவுப் படங்கள், பத்து நிமிடத்துக்குள் நேர்கோட்டியக்கம் முழுவதும். நான் இரண்டு பாடவேளையில் சொல்லிமுடிக்க முடியாததை அவர் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார். முதல் மூன்று நிமிடம் பார்த்தேன், பிடித்துப்போயிற்று, வகுப்பு வாட்சப் குரூப்பில் போட்டுவிட்டேன். மிகுதியைப் பார்க்கவில்லை.

அவருடைய பாடத்தில் ஒரு பிழையும் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் தூரத்தை நேரத்தால் வகுத்தால் வருவது 'வேகம்'. இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் 'திசைவேகம்'. எங்கள் பாடநூலில் முன்னையது 'கதி', பின்னையதுதான் 'வேகம்'. அவர்களுக்கு முடுக்கம், எங்களுக்கு ஆர்முடுகல். முடுக்கம் என்று எழுதினால் திருத்துபவருக்கு ஓரளவு விளங்கும், பாவம் பார்த்துப் புள்ளி போடவும் கூடும். வேகம் அப்படி விடாது. இரண்டு கரையிலும் ஒரே சொல், இரண்டு பொருள். மொழி தெரியாவிட்டால் பிள்ளை நின்று கேட்கும். தெரிந்த மொழியில் தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கேட்கவே தோன்றாது.

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். பிறகு 1950களிலும் 60களிலும் பாடசாலைகளில் விஞ்ஞானம் தாய்மொழிக்கு மாறியபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. அப்படி வந்தவைதான் நம்முடைய ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு, இழைமணி, ஆவர்த்தன அட்டவணை எல்லாம். அக்கரையில் அவை ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, மைட்டோகாண்ட்ரியா, தனிம வரிசை அட்டவணை. எது நல்ல தமிழ் என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. சாதாரண தரப் பரீட்சைத் தாளில் எது வரும் என்பதில்தான் என் பிள்ளைகளின் வாழ்க்கை தொங்குகிறது.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பின்னால் இருந்த ஒருவன், "அப்ப எங்கட கதி அதோகதியா மிஸ்?" என்றான். அந்தப் பகிடிக்கே அவனுக்கு இரண்டு புள்ளி கொடுத்திருக்கலாம்.

இனி, நான் எப்படி இந்த வேலைக்குள் வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பாடசாலையில் தகவல் தொழினுட்ப இணைப்பாளர் என்று ஒரு பதவி. பதவி என்றால் படி கிடையாது, பாடவேளைக் குறைப்புக் கிடையாது. ஒரு பரிசளிப்பு விழாவில் புரொஜெக்டர் படம் காட்ட மறுத்தபோது கழன்றிருந்த வயரை நான் அழுத்திச் செருகினேன். மறுநாள் பிரின்சிபல் கூப்பிட்டு, "இனி இதெல்லாம் நீங்கதான் பார்க்கோணும்" என்றார். தொழினுட்பத் தலைமைத்துவம் எனக்குக் கிடைத்தது அந்த வயரால்தான்.

பதவி வந்ததும் செய்யவேண்டியதைச் செய்தேன். கருத்தரங்கு. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டபிறகு, 42 ஆசிரியர்கள், மண்டபம், புரொஜெக்டர், வடையும் பிளேன்டீயும். 143 இணைப்புகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து எல்லாருக்கும் அனுப்பினேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ, மகரகமை தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்கள், கான் அகாடமி, ஜியோஜீப்ரா என்று ஒன்றும் விடவில்லை. கைதட்டினார்கள். ஒரு மாதம் கழித்து யார் யார் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். கணித சேர் மட்டும், "வடை நல்லா இருந்தது" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, அவர்கள்மேல். படிக்க விருப்பமில்லாதவர்கள் என்று நினைத்தேன். பட்டியலை யார் படிப்பது என்று இன்று தோன்றுகிறது. காலை ஏழரைக்கு வந்து, ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை, இடையில் வராத ஆசிரியருக்குப் பதிலாக ரிலீஃப், பின்னேரம் வீடு, சமையல், சொந்தப் பிள்ளையின் டியூஷன். இந்த வாழ்க்கைக்குள் 143 கதவுகளை வரிசையாகக் காட்டி ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நெல்லை மூடையோடு கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டு, சோறு போட்டுவிட்டேன் என்று சொன்ன மாதிரி. குத்திப் புடைத்து ஒரு சுண்டு அரிசியாகக் கொடுத்திருந்தால் உலையில் போட்டிருப்பார்கள்.

இதைப்பற்றி உலகத்தில் எழுதியிருப்பவற்றையும் பார்த்தேன். 2018இல் வந்த யுனெஸ்கோவின் ஆசிரியர் தகைமைச் சட்டகம் மூன்று மட்டம், ஆறு அம்சம், மொத்தம் 18 தகைமைகள் என்று கட்டம் போட்டுக் காட்டுகிறது. ஐஎஸ்டிஈ என்ற அமெரிக்க அமைப்பு 2017இல் ஆசிரியருக்கென ஏழு பாத்திரங்களை வகுத்தது. அதில் ஒன்று 'தலைவர்'. அதிபரை அல்ல, வகுப்பாசிரியரைத்தான் தலைவர் என்கிறார்கள். சக ஆசிரியர்களுக்குப் புதிய வளங்களைக் கண்டறிந்து, சோதித்து, தெரிந்து எடுத்துக் காட்டுபவர் அவரே. வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பெரிய ரீச்சரின் கண்ணாடி உடைந்த கதைக்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பெரிய ரீச்சர் வரலாறு படிப்பிப்பவர். சொந்த ஊர் வடமராட்சி, கொழும்புக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்து தூங்கியவர். ஒருநாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்து கைத்தொலைபேசியை நீட்டினார்.

"பிள்ளை, இதைக் கொஞ்சம் பாரும். நான் வழிகாட்டியில இருந்து ஒரு பந்தி எடுத்து ஒட்டினன். பேய் பிடிச்ச மாதிரி இங்கிலீசில வருது."

பார்த்தேன். பாமினி. கணினியில் தமிழ் எழுதியவர்களுக்குத் தெரியும், பாமினி எழுத்துருவில் தமிழ் என்று அடித்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவின் முகமூடி இருக்கும்வரை தமிழாகத் தெரியும். நகலெடுத்து வாட்சப்பில் ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளில் இன்னும் எத்தனையோ வினாத்தாள்கள், செயலட்டைகள், கூட்ட அறிக்கைகள் இப்படித்தான் கிடக்கின்றன. தேடினால் கிடைக்காது, கைத்தொலைபேசியில் திறந்தால் குப்பை. ஆசிரியர்களுக்கு இணைய வளம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தொடங்குவதே இல்லை. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட், அதை அடிக்க ரெங்கநாதன் விசைப்பலகை என்று நாட்டில் நியமமே வந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனால் பதினைந்து வருடமாகப் பாமினியில் அடித்துப் பழகிய விரலுக்கு நியமம் தெரியாது.

சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியைத் திறந்து, அவருடைய பந்தியைப் போட்டு, மாற்றிக் காட்டினேன். ரீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு காது கழன்று நூலால் கட்டிய கண்ணாடி.

"இவ்வளவுதானோ? அப்ப என்ர பழைய கேள்வித்தாள் எல்லாம் மாத்தலாமோ?"

"மாத்தலாம் ரீச்சர். நீங்க அடிச்சது எவ்வளவு இருக்கு?"

"ஒரு அலுமாரி."

அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு இடைவேளையும் எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நான் செய்து கொடுக்கவில்லை. செய்து கொடுப்பது எனக்கு இலகு, ஆனால் அப்படிச் செய்தால் ஓய்வுபெறும்வரை நான்தான் செய்து கொடுக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்பதைவிட, சோம்பல். அவருடைய விரல், அவருடைய வேகம். (கதி என்று எழுதவேண்டுமோ?) அந்த இரண்டு மாதத்தில் 42 பேருக்கு நான் நடத்திய கருத்தரங்கில் நடக்காதது நடந்தது. புவியியல் மிஸ் எட்டிப் பார்த்தார். பிறகு தமிழ் சேர். பெரிய ரீச்சருக்கே வருகிறது என்றால் எனக்கும் வரும் என்ற நினைப்பு, எந்தச் சுற்றறிக்கையாலும் வராதது.

அவருக்கு 'நூலகம்' இணையத்தளத்தைக் காட்டிய நாளைத் தனியாகச் சொல்லவேண்டும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஈழத்துத் தமிழ் எண்ணிம நூலகம். பழைய பாடநூல், பத்திரிகை, சிறுசஞ்சிகை, ஊர் மலர், நினைவு மலர் எல்லாம் ஒளிவருடி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியர் கால இலங்கை பற்றி ஏதாவது எடுக்கலாம் என்றுதான் திறந்தோம். ரீச்சர் முதலில் தேடியது தன் ஊர்ப் பெயரை. ஒரு வாசிகசாலையின் ஆண்டு மலர் வந்தது. பக்கம் பக்கமாகப் போனார். ஓரிடத்தில் நிறுத்தி, விரலை எடுக்காமல் இருந்தார். செயற்குழுப் படத்தில் இரண்டாவது வரிசையில் அவருடைய ஐயா. வீட்டில் இருந்த பிரதி இடப்பெயர்வில் போய்விட்டதாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தான் பதின்ம வயது என்று மட்டும் சொன்னார். பிறகு மணி அடித்தது, இருவருக்கும் பாடம்.

அந்தக் கிழமையே தரம் 11க்கு அவர் கொடுத்த ஒப்படை: உங்கள் ஊர் பற்றி, அல்லது உங்கள் அம்மப்பாவின் ஊர் பற்றி, நூலகத்தில் ஒரு பக்கம் கண்டுபிடித்து வாருங்கள். மட்டக்குளியில் பிறந்த பிள்ளைகள் பதுளையையும் மன்னாரையும் தேடிக்கொண்டு வந்தார்கள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது. கருவியைக் காட்டியது நான், பாடத்தை ஆக்கியது அவர். தொழினுட்பத் தலைமைத்துவம் எங்கே இருந்தது என்று கேட்டால் அவருடைய கதிரையில் என்றுதான் சொல்வேன்.

தொலைபேசிக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எல்லாரும் ஒரே இரவில் இணைய ஆசிரியர்கள் ஆனோம். டேட்டாவுக்குக் காசு எங்கள் சட்டைப்பையிலிருந்து. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகியபோது பெற்றோர் பலர் திட்டினார்கள். எங்கள் தொலைபேசியையும் எங்கள் டேட்டாவையும் அதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதை அந்த மூன்று மாதம்தான் காட்டியது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஸ்மார்ட் போட் கிடைத்த பாடசாலைகளில் அது துணி போர்த்தி நின்ற காலம்.

என் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் ஒரு தொலைபேசிதான். அது அப்பாவோடு பெட்டாவுக்கு மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலைக்கும் துறைமுகத்துக்கும் போய் இரவு எட்டுக்குத்தான் வீட்டுக்கு வரும். எட்டரைக்கு முன் அனுப்பும் எதுவும் என் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு காணொளியின் நீளத்தைவிட அதன் எடை முக்கியம் என்று கற்றுக்கொண்டது அப்படித்தான். நல்ல வளமா என்று பார்க்குமுன், எத்தனை எம்பி என்று பார்ப்பேன்.

அதனால் எங்கள் வளநிலையம் இன்று ஒரு பென்ட்ரைவ். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கியது, சிவப்பு நாடா கட்டியது. இணையமில்லாமலே திறக்கும் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா அதில் இருக்கிறது. 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் ஆரம்பத் தூண்களில் ஒருவரான இ. மயூரநாதன் இலங்கையில் பிறந்தவர் என்பதாலோ என்னவோ, நம்முடைய சொற்களும் அக்கரைச் சொற்களும் அங்கே அடிக்கடி ஒரே பக்கத்தில் சந்தித்துக்கொள்கின்றன. ஃபெட் பாவனைகளும், அதாவது திரையிலேயே பரிசோதனை செய்துபார்க்கும் மென்பொருள்களும், இருக்கின்றன. பௌதிகத்துக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் மறுவருடம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம். பல பாவனைகளுக்குத் தமிழ்ப் பெயர்ப்பும் உண்டு. தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை.

மின்சுற்றுப் பாவனையை முதன்முதலில் வகுப்பில் போட்ட நாள் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. என் மடிக்கணினியை மேசையில் வைத்து எட்டு எட்டுப் பேராகக் கூப்பிட்டேன். மற்றவர்களுக்கு உண்மையான மின்கலமும் டோர்ச் குமிழும் வயரும் கொடுத்தேன். ஒரு பக்கம் திரையில் மின்னோட்டம் சிறு புள்ளிகளாக ஓடுகிறது, மறுபக்கம் குமிழ் எரிகிறது. இரண்டாவது குமிழைத் தொடராக இணைத்தால் வெளிச்சம் குறைவது கையில் தெரிந்தது. ஏன் குறைகிறது என்பது திரையில் புள்ளிகள் மெதுவாக நகர்வதில் தெரிந்தது. புரொஜெக்டர் நன்றாக இருந்திருந்தால் 38 பேரையும் திரையைப் பார்க்க வைத்துவிட்டு நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பென்ட்ரைவில் போகுமுன் எதையும் முழுக்கப் பார்க்கிறேன், கடைசி நிமிடம்வரை. கோப்பின் பெயரிலேயே தரமும் அலகும் எழுதுகிறேன். யாருடையது, பகிர அனுமதி உண்டா என்றும் பார்க்கிறேன். டியூஷன் மாஸ்டர் ஒருவரின் டியூட்டில், அதாவது அச்சிட்ட பாடக்குறிப்பில், பெயரை மறைத்துப் போட்டோக்கொப்பி எடுத்துப் பிரபலமான பாடசாலைகள் இந்த நகரத்தில் உண்டு. எங்களுடையதும் கொஞ்சக்காலம் அந்தப் பட்டியலில் இருந்தது. இந்த வேலையெல்லாம் ஒரு நூலகர் செய்வது. கவர்ச்சியே இல்லை. விருது கொடுக்கும் மேடையில் சொல்ல ஒன்றும் இருக்காது.

சாட்ஜிபிடி வந்தபிறகு வேலை கூடியிருக்கிறது. ஒரு இளம் சேர் பத்துப் பல்தேர்வு வினாக்களை ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டினார். தமிழ் சரளம். ஒன்றில் விடையே பிழை, மூன்றில் அக்கரைச் சொல். "வேகம்" மறுபடியும் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. வினாவை எடுங்கள், பிறகு பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்துங்கள் என்றேன். திருத்த எடுத்த நேரத்தில் ஐந்து வினா தானே எழுதியிருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தது கேட்டது. உண்மையும் அதுதான், சில நாட்களில்.

போன வருடம் பிரின்சிபலிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கணினி வேண்டாம், ஸ்மார்ட் போட் வேண்டாம், கிழமைக்கு இரண்டு பாடவேளை தாருங்கள், பக்கத்தில் இருக்க. நேரசூசியை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்று தந்தார். புதன்கிழமை ஐந்தாம் பாடவேளை. அதுவும் முக்கால்வாசி நாள் ரிலீஃபில் போய்விடுகிறது.

விஞ்ஞானகூடச் சுவரில் 'அங்கே – இங்கே' என்று இரண்டு நிரல் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். முதல் வரி வேகம் – கதி. காணொளி பார்க்கும் பிள்ளைகள் புதுச் சொல் கண்டால் எழுதவேண்டும். ஐம்பது தாண்டிவிட்டது. ஒளிச்சேர்க்கை – ஒளித்தொகுப்பு. தனிமம் – மூலகம். யாரோ பச்சைப் பேனாவால் 'செம – சோக்கு' என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கலைச்சொல் இல்லைதான். அழிக்கவில்லை.

பெரிய ரீச்சர் மார்கழியில் ஓய்வுபெற்றார். பிரியாவிடையன்று சாறியின் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பென்ட்ரைவை என் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து திறந்தேன். தரம் 6 முதல் 11 வரை ஆறு கோப்புறை. ஒவ்வொன்றுக்குள்ளும் அலகுவாரியாக வினாத்தாள், படம், நூலகத்தில் எடுத்த பக்கங்கள், எங்கே எடுத்தது என்ற குறிப்பு. எல்லாம் யுனிகோட். கடைசியில் தனியாக ஒரு கோப்பு, என் பெயர் போட்டு. திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

இரவு எட்டரைக்கு அழைத்தார்.

"பிள்ளை, அந்தக் கடைசிக் கடிதம் அவசரத்தில பழைய கை அடிச்சிட்டுது. மாத்தி வாசியும்."